குப்பைத்தொட்டிப் படம் மட்டும் போதாது

காலை 9 மணிக்குப் போகும் கரண்ட் மதியம் 2 மணிக்குத்தான் வரும் என்று முந்தின நாளே செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு. வீட்டில்தான் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்ற தைரியத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்து மணிக்குள்ளாகவே இன்வெர்ட்டர் ‘பீப் பீப்’ என்று கத்துகிறது. சிறிது நேரத்தில் மின்விசிறி நின்றுவிடுகிறது. பேட்டரி வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. கடைக்குப் போன் போட்டால், “பேட்டரி போயிடுச்சு சார், பழசைக் கொடுத்துட்டு எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்கோங்க” என்கிறார்கள். மறுபடியும் 15,000 ரூபாயை ஒட்டிச் செலவு.

தமிழ்நாட்டில் எந்தத் தெருவுக்குப் போனாலும் இந்தக் கதையைக் கேட்கலாம். பேட்டரி ‘போயிடுச்சு’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எதனால் போனது என்று வாங்கியவரும் கேட்பதில்லை, விற்றவரும் சொல்வதில்லை.

இன்வெர்ட்டர் நம் வீடுகளுக்குள் பெருமளவில் வந்தது 2008-க்குப் பிந்தைய மின்வெட்டுக் காலத்தில். 2012-இல் நிலைமை உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் இருந்தது. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். பேட்டரி பாதி ஏறுவதற்குள் மறுபடி வடியும். அந்த நாட்களில் பேட்டரிகள் உழைத்து உழைத்துச் செத்தன. இன்று மின்வெட்டு பெரும்பாலும் பராமரிப்பு நாளோடும் மழை நாளோடும் முடிந்துவிடுகிறது. பேட்டரிக்கு வேலை குறைந்திருக்கிறது. ஆயுள் கூடியிருக்க வேண்டும். பல வீடுகளில் அப்படி நடக்கவில்லை. மாடிப்படிக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல், தண்ணீர் வற்றி, சும்மா கிடந்தே சாகின்றன.

இதில் வீட்டுக்காரரின் அலட்சியத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் 50 கிலோவைத் தாண்டிய எடையில், உள்ளே அமிலத்தோடு, சரியாகப் பார்த்துக்கொண்டால் ஐந்தாறு ஆண்டுகள் உழைக்கக்கூடிய ஒரு பொருளை, அதை எப்படிப் பராமரிப்பது என்று ஒரு வரிகூடச் சொல்லாமல் கூடத்தில் இறக்கிவிட்டுப் போகும் வியாபாரத்துக்கு இன்னும் பெரிய பங்கு உண்டு. பேட்டரியின் மேலேயே, தமிழில், படத்தோடு, சார்ஜ் செய்யும் முறையும் பராமரிப்பும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். அது ஏன் இவ்வளவு அவசியம் என்பது பேட்டரியின் உள்ளே நடப்பதைப் பார்த்தால் விளங்கும்.

இன்வெர்ட்டரோடு பெரும்பாலான வீடுகளில் இருப்பது ஈய-அமில பேட்டரி. பிரான்ஸைச் சேர்ந்த காஸ்டன் பிளான்டே 1859-இல் செய்து காட்டிய பேட்டரியின் நேர் வாரிசு. ஈயத் தகடுகள், நீர் கலந்த கந்தக அமிலம், ஆறு அறைகள். ஒவ்வோர் அறையும் 2 வோல்ட்டுக்குச் சற்று மேல், மொத்தம் 12 வோல்ட் பேட்டரி. மின்சாரம் கொடுக்கும்போது இரு வகைத் தகடுகளின் மேலும் ஈய சல்பேட் மெல்லியதாகப் படிகிறது. சார்ஜ் ஏறும்போது அது பழையபடி ஈயமாகவும் ஈய டையாக்சைடாகவும் மாறிவிடுகிறது. வடிந்த பேட்டரியை உடனே சார்ஜ் போட்டுவிட்டால் எல்லாம் ஒழுங்காக நடக்கும். வடிந்தபடியே நாள்கணக்கில் விட்டுவிட்டால், சர்க்கரைப் பாகு கற்கண்டாக இறுகுவதுபோல, அந்தப் படிவு பெரிய படிகங்களாகத் திரண்டுவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அது திரும்பாது. தகட்டின் அந்தப் பகுதி அதோடு செத்தது. பேட்டரிக் கடையில் ‘சல்பேஷன் ஆயிடுச்சு’ என்பார்களே, அது இதுதான்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டா கிராமங்கள் பலவற்றில் மின்சாரம் வர வாரக்கணக்கானது. முதல் இரவே கடைசிச் சொட்டு வரை வடிந்துபோன பேட்டரிக்கு அத்தனை நாளும் பட்டினிதான். இப்படிக் கிடந்த பேட்டரி பழைய நிலைக்குத் திரும்புவது கடினம். பாதி வடிந்ததும் நிறுத்திவைத்திருந்தால் சேதம் குறைந்திருக்கும். இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

பாதி என்பதற்குக் கணக்கு உண்டு. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது ஏட்டளவில் 1,800 வாட்-மணி. அதில் பாதி 900. பழைய மாதிரி 75 வாட் மின்விசிறி இரண்டும் 20 வாட் டியூப்லைட் மூன்றும் ஓடினால் 210 வாட். இன்வெர்ட்டரே தின்றுவிடும் இழப்பையும் சேர்த்தால் மூன்றரை மணி நேரத்தில் பாதியைத் தொட்டுவிடும். அதே வீட்டில் 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி இருந்தால் ஆறு மணி நேரம் தாங்கும். எப்போதாவது ஒருமுறை முழுக்க வடிவதால் பேட்டரி உடனே கெட்டுவிடாது. ஆனால் ஒவ்வொரு முறையும் அடிமட்டம் வரை வடித்தால் ஆயுள் மளமளவென்று குறையும்.

இங்கேதான் ஒரு பழைய நம்பிக்கை குறுக்கே வருகிறது. ‘சுத்தமா இறக்கிட்டுத்தான் சார்ஜ் போடணும்’ என்று சொல்லாத வீடில்லை. அது பிறந்த இடம் வேறு. கார்ட்லெஸ் போன்களிலும் தொடக்க கால செல்போன்களிலும் இருந்தவை நிக்கல்-காட்மியம் பேட்டரிகள். ஸ்வீடனின் வால்டெமார் யூங்னர் 1899-இல் உருவாக்கிய வகை. ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக்கு மட்டும் வடித்துத் திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்தால், அவை அந்த அளவோடு தளர்ந்துவிடும் ‘மெமரி’ பழக்கம் கொண்டவை. அவ்வப்போது முழுக்க வடிப்பது அவற்றுக்கு மருந்தாக இருந்தது. அந்த பேட்டரிகள் வீட்டை விட்டுப் போய்விட்டன. அவற்றுக்கான வைத்தியம் மட்டும் தங்கிவிட்டது.

இன்றைய செல்போனில் இருப்பது லித்தியம்-அயனி. 1991-இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வழிவகுத்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அதற்கு மெமரியும் கிடையாது, பூஜ்யத்துக்கு இறக்கும் தேவையும் கிடையாது. நூறு சதவீதத்தில் நிறைந்தபடி சூட்டில் கிடப்பதுதான் அதற்கு ஆகாது. பயன்படுத்தாமல் எடுத்துவைக்கும் பழைய போனோ பவர் பேங்க்கோ பாதி சார்ஜில் இருப்பதே நல்லது. ஈய பேட்டரிக்கு நேர் எதிர்! அது நிறைந்தே இருக்க வேண்டும். பாதியில் கிடந்தால் கெடும். ஒரே வீட்டில், ஒரே கூடத்தில், ஒன்றுக்கு ஆகிற பழக்கம் இன்னொன்றுக்கு ஆகாது. இது தானாக யாருக்கும் தெரிந்துவிடாது.

ரிமோட்டிலும் பொம்மையிலும் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியிலும் போடுகிற சின்ன ரீசார்ஜபிள் செல்களுக்கும் இந்தக் கதி உண்டு. அவை நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு வகை, 1.2 வோல்ட். சும்மா கிடந்தாலும் வடிந்துவிடும் என்ற கெட்ட பெயர் அவற்றுக்கு இருந்தது. ஜப்பானின் சான்யோ நிறுவனம் 2005-இல் எனலூப் என்ற பெயரில் கொண்டுவந்த செல்கள் ஓராண்டு கழித்தும் பெரும்பகுதி சார்ஜைத் தக்கவைத்தன. இன்று பல நிறுவனங்கள் அவ்வகை செல்களை விற்கின்றன. செல் முன்னேறிவிட்டது, சார்ஜர் முன்னேறவில்லை. மலிவு சார்ஜர்கள் பலவற்றில் செல் நிறைந்ததா என்று பார்க்கும் அறிவு கிடையாது. மணிக்கணக்கு வைத்து ஓடும், அல்லது பிடுங்கும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனித்து, நிறைந்ததும் வோல்ட்டேஜ் மிகச் சிறிதளவு இறங்குவதைக் கண்டு நிறுத்தும். இரண்டிரண்டாக மட்டும் சார்ஜ் செய்யும் சார்ஜரில் பாதி வடிந்த ஒன்றும் முழுக்க வடிந்த ஒன்றும் ஜோடி சேர்ந்தால், ஒன்று பொங்கச் சூடாகும், இன்னொன்று பட்டினி கிடக்கும். குழந்தை பொம்மையில் ஒன்றாக ஓடிய செல்களை எப்போதும் ஒன்றாகவே சார்ஜ் போடுவது இதனால்தான் நல்லது. நான்கு செல் சேர்ந்த பொட்டலத்தின் அட்டையில் இது எங்கும் எழுதியிருக்காது.

மறுபடி இன்வெர்ட்டருக்கு வருவோம். மாதத்தில் ஒருநாள், கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

முதலில் தண்ணீர். பேட்டரி நிறைந்த பிறகும் ஏறும் கரண்ட், உள்ளே இருக்கும் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்து வெளியேற்றுகிறது. போவது தண்ணீர்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது. ஆகவே ஊற்ற வேண்டியதும் தண்ணீர்தான். குழல் வடிவத் தகடுகள் கொண்ட டியூபுலர் பேட்டரியின் ஆறு மூடிகளிலும் சிறு மிதவை இருக்கும். பச்சைக் குறி தெரிந்தால் சரி, சிவப்புக்கு இறங்கினால் ஊற்ற வேண்டும். டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றும் சிக்கனம் பல வீடுகளில் உண்டு. ஏ.சி.யின் உலோகச் சுருள்கள் வழியே, தூசியையும் கழுவிக்கொண்டு வரும் தண்ணீர் அது. குழாய்த் தண்ணீரின் குளோரினும் இரும்பும் தகட்டுக்கு நஞ்சு. ‘பேக்கப் நிக்கலையா, கொஞ்சம் ஆசிட் ஊத்தித் தரேன்’ என்பவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிடலாம். புது அமிலம் சில வாரங்களுக்குத் தெம்பு தருவதுபோல் காட்டும். பிறகு தகட்டையே அரிக்கும். தகடு வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் மூழ்கும் வரை ஊற்றிச் சார்ஜ் போட வேண்டும். மற்ற நேரங்களில் சார்ஜ் நிறைந்த பிறகே அளவு பார்த்து ஊற்ற வேண்டும். முன்பே தளும்ப ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது அமிலம் பொங்கி வழியும்.

அடுத்து டெர்மினல். வெள்ளையும் நீலப்பச்சையுமாகப் பூத்திருந்தால் கரண்ட் சரியாக ஏறாது, இறங்காது. வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு, இன்வெர்ட்டரை அணைத்து, முதலில் நெகட்டிவ் கம்பியையும் பிறகு பாசிட்டிவையும் கழற்ற வேண்டும். சோடா உப்பு கலந்த வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்தால் பூத்தது நுரைத்துக்கொண்டு கரையும். அந்த நீர் அறைக்குள் இறங்காதபடி மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும். உள்ளே போனால் அது அமிலத்தைக் கெடுத்துவிடும். துடைத்துக் காய்ந்ததும் கம்பிகளை மாட்டி, முறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் முடிந்தது. மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. பேட்டரி வைத்திருக்கும் இடத்தில் ஜன்னலோ காற்றுவழியோ இருப்பதும், விளக்கோ ஊதுபத்தியோ இல்லாமல் இருப்பதும் முக்கியம். வெளியேறும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும்.

பிறகு அளவு. சார்ஜை நிறுத்திச் சில மணி நேரம் ஓய்ந்த பேட்டரியில் மல்ட்டிமீட்டர் 12.7 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2-ஐ ஒட்டினால் பாதிதான். ஹைட்ரோமீட்டர் இருந்தால் ஆறு அறைகளையும் தனித்தனியாகப் பார்க்கலாம். டியூபுலர் வகையில் அமிலத்தின் அடர்த்தி 1.24-ஐ ஒட்டி, ஆறிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஐந்து ஒரு மாதிரியும் ஒன்று மட்டும் கீழேயும் நின்றால், அந்த ஓர் அறை மற்ற ஐந்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகப் போகிறது என்று பொருள். வாரண்டி முடிவதற்குள் இதைக் கண்டுபிடித்தவருக்குப் புது பேட்டரி கிடைக்கலாம். முடிந்த மறுமாதம் கண்டுபிடித்தவருக்குப் புது பில்தான் கிடைக்கும்.

இத்தனையும் செய்தாலும் ஒரு சிறு ஸ்விட்ச் எல்லாவற்றையும் கெடுத்துவிடலாம். பல இன்வெர்ட்டர்களின் பின்புறத்தில் டியூபுலர், பிளாட், எஸ்.எம்.எஃப். (சீல் வகை) என்று பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் சார்ஜ் ஆகும் வோல்ட்டேஜ் வேறு. பழைய பேட்டரியை எடுத்துவிட்டு வேறு வகையைப் போடுபவர் ஸ்விட்சை மாற்றாமல் போனால், ஒன்று பேட்டரி முழுதாக நிறையாது, அல்லது அளவுக்கு மீறி ஏறித் தண்ணீர் வற்றும். இப்போது ஈய பேட்டரியின் இடத்தில் லித்தியம் பேட்டரிகளும் வரத் தொடங்கியிருக்கின்றன. அவற்றை ஈயத்துக்காகச் செய்த பழைய இன்வெர்ட்டரோடு அப்படியே இணைத்துவிடும் அவசரத்தில் ஆபத்து இன்னும் அதிகம்.

வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்துறையில் எல்லோரும் பின்பற்றும் கணக்கு. வேலூரிலும் கரூரிலும் மே மாதத்தில் மேற்குச் சுவரை ஒட்டி, மொட்டை மாடி அறையில் வைத்த பேட்டரிக்கு வாரண்டி அட்டையில் போட்ட வருடங்கள் ஒரு கனவுதான்.

ஒரு பேட்டரி முன்கூட்டியே செத்தால் வீட்டுக்கு 15,000 ரூபாய் நஷ்டம் என்பதோடு இது முடிவதில்லை. அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். அதற்கு ஆலை வேண்டாம், கொல்லையில் ஓர் அடுப்பு போதும். முறையான ஆலைக்குப் போனால் அதே ஈயம் மறுபடி பேட்டரியாகும். காயலான் கடை வழியாகக் கொல்லைப்புற உலைக்குப் போனால் அமிலம் மண்ணிலும் ஈயப் புகை காற்றிலும் கலக்கும். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின், அதாவது 80 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கவலைக்குரிய அளவில் இருக்கிறது என்று யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் 2020-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. முறையற்ற பேட்டரி மறுசுழற்சியை அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாகவும் சொன்னது. ஐந்து வருடம் ஓட வேண்டிய பேட்டரி இரண்டரை வருடத்தில் போனால், அந்த உலைகளுக்குத் தீனி இரண்டு மடங்காகிறது.

அரசு இதைப் பார்க்காமல் இல்லை. ஈய பேட்டரிகளுக்கு 2001-லேயே விதிகள் வந்தன. புது பேட்டரி விற்கும் கடைக்காரர் பழையதைத் திரும்பப் பெற வேண்டும் என்றன. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் எல்லா வகை பேட்டரிகளுக்கும் பொறுப்பை உற்பத்தியாளர் தலையில் வைத்தன. குறுக்குக் கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் பேட்டரியில் இருக்க வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு. நல்ல விதிதான். ஆனால் செத்த பிறகு எங்கே போடக் கூடாது என்று சொல்லும் சட்டம், சாகாமல் எப்படிக் காப்பது என்பதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

‘எழுதிப் போட்டால் யார் படிக்கப் போகிறார்கள்?’ என்று விற்பனையாளர்கள் கேட்பார்கள். பெட்டிக்குள் ஆங்கிலத்தில் ஒரு கையேடு வைக்கிறோமே என்பார்கள். அந்தக் கையேடு அட்டைப்பெட்டியோடு அன்றைக்கே பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகிறது. பொருளின் மேலேயே ஒட்டியிருப்பதை மக்கள் படிக்கிறார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2006-இல் மின்சிக்கனத்துக்கான நட்சத்திர முத்திரை வந்தபோது அதையும் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்திருக்கலாம். இன்று ஃபிரிட்ஜ் வாங்கப் போகும் எந்தக் குடும்பமும் எத்தனை ஸ்டார் என்று கேட்காமல் வாங்குவதில்லை. 2023 ஜனவரி முதல் மின்விசிறிக்கும் அது கட்டாயம். இன்னொரு பதில், ‘பராமரிப்பே வேண்டாத சீல் பேட்டரி வாங்கிக்கொள்ளுங்கள்’ என்பது. தண்ணீர் ஊற்றத் தேவையில்லை என்பதே அதன் பொருள். வடிந்தபடி விடக் கூடாது, சூட்டில் வைக்கக் கூடாது, சார்ஜ் வோல்ட்டேஜ் மீறக் கூடாது என்பதெல்லாம் அதற்கும் பொருந்தும். சொல்லப்போனால் வற்றிய தண்ணீரை ஊற்றி நிரப்பும் வழிகூட அதில் கிடையாது.

இதற்கான அறிவைத் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில்தான் இருக்கிறது. ஈய பேட்டரி முதல் லித்தியம் வரை அங்கே ஆய்வு நடந்திருக்கிறது. நம் வெயிலுக்கும் நம் வீடுகளுக்கும் பொருந்தும் ஒரு பக்கக் குறிப்பை அங்கிருந்து வாங்கி, மின்வாரியம் தன் மின்தடை அறிவிப்புகளோடு சேர்த்து வெளியிட எந்தத் தடையும் இல்லை.

மத்திய அரசு செய்ய வேண்டியது, 2022 விதிகளின் லேபிள் பகுதியில் ஒரு பிரிவைச் சேர்ப்பது. விற்கும் மாநிலத்தின் மொழியில், அழியாத மையில், பேட்டரியின் முன்பக்கத்தில் ஐந்து வரி: வாங்கிய தேதி எழுத ஓர் இடம், இன்வெர்ட்டர் ஸ்விட்ச் எந்தக் குறியில் இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை மிதவையைப் பார்த்து டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றவும், வடிந்தால் அன்றே சார்ஜ் செய்யவும், வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வைக்கவும். மாட்டிவிட வரும் கடை ஊழியர் அந்தத் தேதியையும் ஸ்விட்ச் குறியையும் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாத பேட்டரிக்கு, ‘நீங்கள் சரியாகப் பராமரிக்கவில்லை’ என்ற காரணம் காட்டி வாரண்டியை மறுக்கும் உரிமை நிறுவனத்துக்கு இருக்கக் கூடாது.